தூக்குக் கிளை

அன்று காலை கிளை சுவரைத் தொட்டுவிட்டது.

தையல்காரி மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். போன வருஷம் கையை நீட்டினாலும் எட்டாமல் இருந்த கிளை, இப்போது ஜன்னலுக்குச் சற்றுக் கீழே செங்கல்லில் முட்டிக்கொண்டு நின்றது. முட்டிய இடத்தில் பூச்சு பெயர்ந்திருந்தது.

திரும்பினாள். மகளின் சக்கரக் கட்டில் மறுபடியும் ஜன்னலோரம் வந்திருந்தது. படுக்கும்போது அதைத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் விட்டிருந்தாள். குழந்தை வாயில் விரலை வைத்தபடி ஒன்றும் அறியாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

கீழே சதுக்கத்தில் அவள் நாத்தனாரின் குரல் மைக்கில் கேட்டது. மரத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதுதான் அவளுக்கு வேலை.

"ஊரே மாறிடுச்சு, இந்த மரம் மட்டும் மாறலை. மேல பாருங்க, மொட்டையா ஒரு கிளை நீட்டிக்கிட்டு இருக்கே, அதுலதான் அந்தக் காலத்துல தூக்குல போடுவாங்க. கடைசியா தொங்கவிட்டது ஒரு அப்பாவியை. அன்னிக்குப் பட்டுப்போன கிளை, இன்னிய வரைக்கும் ஒரு இலை விடலை. கீழே நின்னு செல்ஃபி எடுக்கிறவங்க கழுத்தைப் பத்திரமா பாத்துக்குங்க!"

கூட்டம் சிரித்தது. நகராட்சிக்குத் தையல்காரி நடையாய் நடந்தது வீண்போகவில்லை. இன்றைக்குத்தான் கிளையை வெட்ட ஆட்கள் வருகிறார்கள். சாயங்காலம் வரை பொறுத்தால் போதும், பிள்ளை தப்பித்துவிடும்.

ரம்பம் ஏற்றிய வண்டி சதுக்கத்துக்குள் நுழைந்ததும் நாத்தனார் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"அண்ணி, நிஜமாவே ஆளைக் கூப்பிட்டுட்டீங்களா? அந்தக் கிளை போச்சுன்னா இந்த மரத்தை எவன் வந்து பாப்பான்? என் பொழப்புல மண்ணள்ளிப் போட எத்தனை நாளா காத்திருந்தீங்க?"

"உனக்குப் பொழப்பு. எனக்குப் பிள்ளை. தினமும் அது என் பிள்ளையைத் தன் பக்கம் இழுக்குது. கட்டில் எங்க நிக்குது பாரு."

"அய்யோ, பாக்க வர்றவங்களுக்கு நான் அவுத்துவிடற கதையை நீங்க எதுக்கு நம்பறீங்க? பேத்தியை இழுத்து மடியில போட்டுக்க அது என்ன எங்கம்மாவா?"

"விளையாடாதே. எட்டாத கிளை எப்படி எட்டுச்சு? அதைச் சொல்லு."

நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். உள்ளே இழுத்துக்கொண்டபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"போன மாசம்கூட கிளைக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு ஆள் நுழையலாமே, அண்ணி" என்றாள் மெதுவாக.

அப்போதுதான் கதவைத் தட்டிக்கொண்டு மர டாக்டர் உள்ளே வந்தார். நகராட்சி மரங்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர். வரும் வழியில் கட்டைச் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

"மரம் இரும்பு மாதிரி இருக்கு. இந்த ஒரு கிளைதான் வெறும் கட்டை. தாராளமா எடுத்துடலாம்."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரிக்கு நெஞ்சிலிருந்து பாறையை இறக்கி வைத்தது போலிருந்தது.

வெட்டிய கிளையை எப்படி இறக்குவது என்று பார்க்க, மர டாக்டர் பையிலிருந்து குண்டு கட்டிய நூலை எடுத்து ஜன்னல் வழியே கீழே விட்டார். வெளியே வண்டியின் இரும்புக் கை ரம்பக்காரனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. ரம்பம் உறுமத் தொடங்கியது.

அவர் நூலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். நூலை மேலே இழுத்து, இன்னொரு தடவை கீழே விட்டுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்தார், காய்ச்சல்காரனின் நெற்றியில் வைப்பது போல.

சட்டென்று பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்.

"ரம்பத்தை நிறுத்துடா! கிளைமேல கை வைக்காதே! டேய், நிறுத்து!"

ரம்பத்தின் சத்தம் அடங்கியது. சதுக்கத்தில் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

தையல்காரிக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன சார் இது? இப்போதானே எடுக்கலாம்னு சொன்னீங்க? இவ அழுததும் மனசு இளகிடுச்சா? நாளைக்கு அது என் பிள்ளை கழுத்தைப் பிடிச்சா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

மர டாக்டர் அடிமேல் அடி வைத்துக் கட்டிலுக்குப் போனார். தூங்கும் குழந்தையைத் தூக்கி அவள் தோளில் சாய்த்தார்.

"கீழ் வீடுகள்ல யாராவது இருக்காங்களா?"

"எல்லாரும் இருக்காங்க. ஏன்?"

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே வெளியே போகணும். ஓடாதீங்க. கதவை அடிச்சுச் சாத்தாதீங்க."

"என்னன்னு சொல்லுங்க சார்!" தையல்காரி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அந்தக் கிளை இன்னும் கிட்ட வருதா?"

"கிளை வரலைம்மா. உங்க வீடுதான் அது மேல சாஞ்சு நிக்குது."