கொஞ்சமே கொஞ்சம் லேட்

புது மேனேஜர் வந்ததிலிருந்து அந்த லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எவ்வளவு தாமதமானாலும் அதற்கேற்ப, வாடிக்கையாளர் வாயை அடைக்க அவர் ஓர் இங்கிலீஷ் வார்த்தை வைத்திருந்தார். புகார் பிரிவில் இருந்தவளுக்கு அத்தனையும் மனப்பாடம்.

போன் அலறியது.

"லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சும்மா! மெக்கானிக் எங்க?"

"வந்துடுவார் சார். ஸ்லைட்லி லேட்."

"இந்தப் பூசி மெழுகுற வேலையெல்லாம் வேணாம். எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம் சார்."

"அதுக்குப் பேரு ஸ்லைட்லியா?"

"அரை நாள் ஆனாத்தான் சார் 'குவைட் லேட்'. 'வெரி லேட்'னு மட்டும் சொல்லவே கூடாது. கஸ்டமர் பயந்துடுவாங்களாம்."

"கிண்டலா? மேல மீட்டிங்ல எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. போகலேன்னா என் வேலையே போயிடும்! அவன் இப்ப பார்த்துக்கிட்டிருக்கிற லிஃப்டை அப்படியே விட்டுட்டு வரச் சொல்லு."

"அங்க லிஃப்ட் இல்ல சார். வாஷிங் மெஷின்."

"லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாஷிங் மெஷின்ல என்ன வேலை? எந்த அறிவுகெட்டவன் அனுப்பினான்?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நீங்கதான் சார். 'காலையில முதல் வேலையா அவனை என் வீட்டுக்கு அனுப்பு'ன்னு நேத்து சொன்னீங்களே."

சொந்த ஆபீஸ் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த மேனேஜரின் குரல் இறங்கியது.

"சரி... என் மிஸஸ்கிட்ட கேளு. அவனை எப்ப விடுவாளாம்?"

"கேட்டுட்டேன் சார். 'ஜஸ்ட் எ பிட் லேட்'னு சொன்னாங்க."