ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு

“பேருக்குக் கீழ என்னம்மா செதுக்கணும்?” புதிய கல்லறைக்கு முன்னால் நின்று கல் தச்சர் கேட்டார்.

“தூண்டில். அவருக்கு மீன் பிடிக்கறதுன்னா உயிர்,” என்றாள் மனைவி.

“இல்ல அண்ணி, கோல்ஃப் மட்டை. ஞாயித்துக்கிழமையானா அண்ணன் கோல்ஃப் ஆடத்தான் போவாரு,” என்றான் தம்பி.

“தூண்டிலோடதானே வீட்டுல இருந்து கிளம்புவார்?”

“ஒரு மீனாவது வீட்டுக்கு வந்திருக்கா?”

“எனக்கு வாடை ஆகாதுன்னு ஆத்துலயே விட்டுட்டு வந்துடுவாராம். நீ ஒரு நாளாவது கூடப் போயிருக்கியா?”

“வெயில்ல பந்து பின்னாடி யாரு அலையறது?”

கல் தச்சர் உளியைக் கீழே வைத்தார்.

“ஐயா பன்னெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை இங்கதாம்மா வருவார். அதோ, அந்தக் குட்டிக் கல்லுகிட்ட சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். தூண்டில் மரத்துல சாஞ்சிருக்கும்.”

குட்டிக் கல்லில் பெயர் இல்லை, ஒரே ஒரு தேதிதான். அன்றே பிறந்து அன்றே போன மகளைப் பற்றி இனி வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது என்று சொன்னவள் அவள்தான்.

மனைவி போய் அந்தக் குட்டிக் கல்லின் மேல் கிடந்த சருகுகளைத் தள்ளிவிட்டு வந்தாள்.

“தூண்டிலாம்மா, மட்டையா?”

“ரெண்டும் வேண்டாம். ‘அப்பா’ன்னு மட்டும் செதுக்குங்க.”