மாஸ்டர் சாப்பிடுகிறார்

"உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. சமைச்சவரே வாயில வைக்காத சாப்பாட்டை நாங்க எதுக்குச் சாப்பிடணும்?"

அலுவலக கேண்டீனில் கண்ணாடி போட்ட கணக்கர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கல்லாவில் இருந்த, சமையல் மாஸ்டரின் மனைவிக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே பாதி அலுவலகம் எதிர்க் கடைக்குப் போகிறது. மீதியும் போனால் கேண்டீனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"குத்தம் கண்டுபிடிக்க இது என்ன சார், சம்பந்தி வீட்டு விருந்தா?"

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளே அவளுக்கும் புகைச்சல். மனுஷன் வீட்டிலும் சாப்பிடுவதில்லை. கேட்டால் பசிக்கவில்லை என்பார். வேறெங்கோ சாப்பாடு நடக்கிறதோ என்று சந்தேகப்பட்டாள். ஆள் குச்சியாக இளைத்ததைப் பார்த்தால், அங்கேயும் சரியாகப் போடவில்லை போலிருந்தது.

அன்றைக்கே மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சரிந்தார்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் அவளைத்தான் முறைத்தார். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கிக் கிடக்கிறதாம். சாப்பிட்டால் குடல் கூடுதல் ரத்தம் கேட்கும், வராது, உயிர் போகிற வலி வரும். அந்தப் பயத்தில் மனுஷன் ருசி பார்க்கக்கூட எதையும் நாக்கில் வைக்கவில்லை.

தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, சுருங்கிய இடத்தில் பலூனை ஊதி விரித்து, மறுபடி சுருங்காதபடி ஒரு ஸ்டென்டையும் வைத்து அனுப்பினார்கள்.

விஷயம் தெரிந்ததும் கேண்டீனே கூனிக் குறுகியது. எதிர்க் கடைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கணக்கர் அவளிடம் மன்னிப்பே கேட்டார். இனிமேலாவது நாக்கை அடக்கச் சொல்லி, அவளும் பெரிய மனசு பண்ணினாள்.

மாஸ்டர் மறுபடி கரண்டி பிடித்த அன்று, பழைய கைப்பழக்கத்திலேயே, ருசி பார்க்காமல் சமைத்து இறக்கினார். எல்லாரும் தட்டை வழித்துத் தின்று பிரமாதம் என்றார்கள். அவரையும் நடுவில் உட்காரவைத்துப் பரிமாறினார்கள்.

முதல் கவளம் உள்ளே போனது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்குதாங்க?"

இல்லை என்று தலையாட்டினார். ஆனால் அடுத்த கவளத்துக்குக் கை போகவில்லை. குழம்பையே உற்றுப் பார்த்தார்.

"நீயும் இதைத்தானே தின்ன? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் கல்லாப் பெட்டிக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள்.

மாஸ்டர் கணக்கர் பக்கம் திரும்பினார். "சார், அன்னைக்கு ஏதோ சொன்னீங்களாமே. அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

கணக்கர் அவசர அவசரமாக ஒரு பெரிய கவளத்தை வாய்க்குள் அடைத்துக்கொண்டார்.