அசல் அச்சு

"எல்லாமே போலி சார்! என் பிள்ளைங்க மேல சத்தியமா போலி!"

ரங்கெல் மேஜையில் ஓங்கி அடித்தான். பறிமுதல் செய்து பரப்பியிருந்த ரோமானிய வெள்ளிக் காசுகள் துள்ளி விழுந்தன.

அவன் பல்செட் செய்பவன். உலோகம் உருக்கத் தெரிந்த கை. பழைய காசு மாதிரியே வார்த்து, வர்ணா கடற்கரைக்கு வரும் ஜெர்மன்காரர்களிடம் விற்றுவந்தான்.

"போலின்னா அபராதம் கட்டிட்டு வீட்டுக்குப் போ மாஸ்டர்" என்றார் இன்ஸ்பெக்டர் குனெவ். "அசல்னா புதையலை மறைச்ச குத்தம். உள்ளதான்."

மியூசியத்திலிருந்து வந்திருந்த ஸ்லாவ்கா அம்மையார் பூதக்கண்ணாடியை இறக்கினார். "என்னால உறுதியா சொல்ல முடியல. அவ்வளவு நல்லாயிருக்கு."

வேறு நாளாக இருந்தால் ரங்கெல் அந்தம்மாள் கையை எடுத்து முத்தமிட்டிருப்பான். இன்றைக்கு அந்தப் பாராட்டே அவனை உள்ளே தள்ளிவிடும். மனைவிக்குப் போன் போட்டு, காசு வார்க்கும் அச்சை எடுத்துவரச் சொன்னான்.

நெவேனா வந்தாள். ஒரு கையில் அவனுக்குச் சுடச்சுட, சீஸ் வைத்த பனீட்ஸாப் பலகாரம். இன்னொரு கையில் துணியில் சுற்றிய களிமண் அச்சு, இரண்டு பாதியாக.

அதைப் பார்த்ததும் ஸ்லாவ்காவின் குரலே மாறிவிட்டது.

"காசு போலிதான். ஆனா இந்த அச்சு அசல்! ரோமானியர் காலத்துலயே எவனோ ஒரு கள்ளன் இதுல காசு வார்த்திருக்கான்."

"பின்னே?" ரங்கெலுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க திராட்சைத் தோட்டத்துல தோண்டும்போது கிடைச்சது. ஒரிஜினல் அச்சு, நல்ல வெள்ளி. கண்ட களிமண்ணுல வார்த்து ஜனங்களை ஏமாத்துற பயல்கள்ல நான் ஒருத்தன் இல்ல."

குனெவ் கைவிலங்கை எடுத்தார். "கிடைச்சதை அரசாங்கத்துக்குச் சொன்னியா?"

தன் வாயே தனக்கு என்ன செய்துவிட்டது என்று அப்போதுதான் ரங்கெலுக்கு உறைத்தது.

ஸ்லாவ்கா எதையும் கவனிக்கவில்லை. அச்சின் பின்பக்கத்தைத் திருப்பி விளக்கில் காட்டினார். "பாருங்க, பெருவிரல் ரேகை! ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னால வாழ்ந்த மனுஷனோட விரல்!"

"அது என்னோடதுங்க" என்றாள் நெவேனா.

மேஜையிலிருந்த மைப்பெட்டியில் பெருவிரலைத் தொட்டு ஒரு காகிதத்தில் அழுத்தினாள். குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு. அச்சிலும் அதே தழும்பு.

"பெரியவன் பட்டாளத்துக்குப் போன வருஷம், குடைமிளகாய் சுடும்போது கைதவறி அந்தப் பழைய அச்சு தூள்தூளாயிடுச்சு. இவர் தாம்தூம்னு குதிப்பாரேன்னு, இவர் வார்த்த காசு ஒண்ணைக் களிமண்ணுல அழுத்தி, அதே அடுப்புல சுட்டு, இருந்த இடத்துல வச்சிட்டேன்."

"உடைஞ்ச துண்டெல்லாம்?" என்று கேட்டார் குனெவ்.

"குப்பையோட போச்சு."

ஸ்லாவ்கா பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்து மூடினார். குனெவ் கைவிலங்கை உள்ளே வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு அபராதச் சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார்.

வெளியே படிக்கட்டில் நெவேனா பனீட்ஸாவை நீட்டினாள். ரங்கெல் வாங்கவில்லை. சாவு வீட்டிலிருந்து வந்தவன் மாதிரி நின்றான்.

"அப்போ" என்றான். "இத்தனை வருஷமா நான் வித்ததெல்லாம் போலியா?"