ஊதா

அப்பா குப்பை வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கியதும் மகள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

வாளி பாதிகூட நிறைந்திருக்கவில்லை. இருந்தாலும் அவரே எடுத்துக்கொண்டு போனார்.

கீரைக்கட்டு ஈரத் துணிக்குள் சுருண்டு, பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அம்மா ஒளித்துவைக்கும் அதே இடம்.

மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும். அப்பாவின் முழங்காலுக்கு எப்படியும் நேரமாகும்.

அம்மா இப்படித்தான் செய்வாள். காலையில் அவரைக் குப்பையோடு அனுப்பிவிட்டு, கீரையை மிக்ஸியில் ஓடவிடுவாள். மிக்ஸியை நிறுத்தாமலே மூடியின் ஓட்டை வழியாகக் கறுப்புத் திராட்சையை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவாள், பச்சை இருந்த இடம் தெரியாமல் போகும்வரை.

கண்ணாடி டம்ளரில் ஊற்றவே மாட்டாள். எவர்சில்வர்தான்.

வேலைக்குப் போன புதிதில் மகள் அதற்கு ஸ்மூத்தி என்று பெயர் சொன்னாள். அம்மா வாயைக் கோணினாள். அந்த வீட்டில் அதற்குப் பெயர் ஊதா.

கீரை என்றால் அப்பாவுக்கு ஆகாது. தட்டில் பச்சையாக எது தென்பட்டாலும், "ஏன், பக்கத்து வீட்டு முயலுக்குப் பத்தலையாமா?" என்பார்.

பக்கத்து வீட்டில் நிஜமாகவே ஒரு முயல் இருந்தது. கிள்ளிய தண்டெல்லாம் அம்மாவின் முந்தானைக்குள் மறைந்து அதற்குத்தான் போகும். முயல் பூசணிக்காய் மாதிரி உருண்டு திரிந்தது.

அந்த நாட்களில் மகளுக்கு உளவு வேலை. பள்ளிக்கூடப் பை முதுகில் தொங்க, வாசல் கதவோடு காதை ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பாள். அப்பா வந்துவிட்டால் இரும வேண்டும்.

ஒருநாளும் இரும வேண்டி வந்ததில்லை. மிக்ஸி நின்ற பிறகுதான் வாசல் மணி அடிக்கும்.

"பாத்தியாடி, உங்கப்பாவுக்குச் சாவி எடுத்துட்டுப் போகத் தெரியல. அதுதான் நம்ம அதிர்ஷ்டம்," என்று கையை முந்தானையில் துடைத்தபடி அம்மா கதவைத் திறக்கப் போவாள்.

மருந்துக்கடை வைத்திருந்தவர் அப்பா. கடையைப் பூட்டினால் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவார். வீட்டுச் சாவி மட்டும் அவருக்கு நினைவிலேயே நிற்காது.

எங்கே இருந்தாலும் சத்தம் கேட்கட்டும் என்று அம்மாவே ஒரு குட்டி மணி வாங்கிச் சாவியில் கோத்துக் கொடுத்தாள். அப்புறமும் மறந்தார்.

அம்மா போன பிறகு அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. தட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது என்று மருத்துவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

நேற்று அப்பாவாகவே வாயைத் திறந்து கேட்டார்.

"உனக்கு ஊதா போடத் தெரியுமாம்மா?"

இத்தனை நாளில் அவர் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். அதற்குள் கீரை இருப்பது தெரிந்தால் அதையும் தள்ளிவிடுவார். கீரை இல்லாமல் போட்டால் அது ஊதாவாக இருக்காது.

கீரையோடு ஐஸ் கட்டிகளையும் போட்டு மிக்ஸியின் குமிழைத் திருப்பினாள். அது உறுமியது. திணறியது. நின்றுவிட்டது.

உடனே வாசல் மணி அடித்தது.

ஜாடிக்குள் பாதி இலையும் பாதித் துணுக்குமாக, குளத்துப் பாசி மாதிரி மிதந்தது.

"கை ஈரம்ப்பா, ஒரு நிமிஷம்," என்று குரல் கொடுத்தாள். அவளுக்கே அது அம்மாவின் குரல் மாதிரி கேட்டது.

மிக்ஸியைச் சாய்த்து அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மறுபடி ஓடியது. திராட்சை, வாழைப்பழம், ஒரு கரண்டி தயிர் என்று நிறுத்தாமலே ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். பச்சை கறுத்தது. கறுப்பு சிவந்தது. கடைசியில் ஊதாவுக்கு வந்தது.

மூடியைத் திறந்ததும் மழையில் நனைந்த புல்லின் வாசனை லேசாக எழுந்தது. அவசரமாகத் தலை பின்னிய காலைகள், பட்டன் அறுந்த சீருடை, அம்மாவும் அவளும் வாயைப் பொத்திச் சிரித்த சிரிப்பு எல்லாம் அதில் இருந்தன.

மணி இரண்டாவது தடவை அடிக்கவில்லை.

டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். அப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். காலி வாளி பக்கத்தில் இருந்தது. அவருக்கு மூச்சு வாங்கவில்லை; வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர் போல இருந்தார்.

"சாவிய மறந்துட்டேம்மா," என்றார்.

உள்ளே வந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்தார். மீசை ஊதாவானது. காலி டம்ளரை மேசைமேல் வைத்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைக்கக் குனிந்தார்.

குனிந்தபோது அவருடைய சட்டைப் பைக்குள் குட்டி மணி சிணுங்கியது.

மகள் ஜாடியைக் கழுவுவது போலத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா குடிக்கும்போது அம்மாவும் தினமும் இங்கேதான் நின்றிருப்பாள், கைக்கெட்டும் தூரத்தில்.

அம்மாவுக்குப் பாம்புக் காது.