இரண்டு லாரித் தண்ணீர்

புது மழைநீர் வடிகாலைத் திறந்துவைக்க வந்த கவுன்சிலர் தணிகாசலம், அதன் கடைசி முனையில் கை நிறையப் பூவோடு குனிந்து நின்றார். தெருவின் மறுமுனையில் லாரித் தண்ணீரை உள்ளே விட்டார்கள். அது இங்கே வந்து சேர்ந்ததும் பூத்தூவ வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு லாரி காலியானது, இன்னொன்றும் காலியானது. சொட்டுத் தண்ணீர் வரவில்லை. போன தண்ணீர் எங்கேதான் போயிற்று என்று உதவிப் பொறியாளர் குமரவேளுக்கு விளங்கவில்லை. மண்டியிட்டு வடிகால் வாயில் காதை வைத்தார். அந்த முனையில் அடிக்கும் மேளம் மட்டும் நன்றாகக் கேட்டது.

"அவ்ளோ தண்ணியும் உள்ளயே அடங்கிடுச்சு பாருங்க. அதான்யா தரம்" என்று கவுன்சிலர் காய்ந்த சிமெண்டில் பூவைத் தூவினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

போன மழையில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற எதிர்வீட்டு ஸ்டெல்லா, கறுத்து வரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே குமரவேளிடம் வந்தாள்.

"சார், இந்த வருசம் பிரிட்ஜைத் தூக்கிக் கட்டில் மேல வைக்கணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லிடுங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் குமரவேள் வாயெடுத்தார். பிறகு முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"வாங்க, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்."