கயிற்று முனை

வெயில் சாய்ந்த மைதானத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் நாளைய செய்முறைத் தேர்வுக்காகக் கைப்பந்துக் களம் போடுகிறார்கள். உடற்கல்வியை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் களத்தைத் தாங்களே அளந்து வரைய வேண்டும். தைத்த சீருடை மூட்டையை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வரும் தையல்கடைப் பெண், அவர்களைப் பார்க்காதவள் போல வேலியோரமாக நடக்கிறாள். போன வருடம் அவளுக்கும் இதே பாடம், இதே கும்பல். அப்பா படுக்கையில் விழுந்ததும் படிப்பு நின்றது. "அடியே நெட்டை! எங்கடி நழுவுற? வந்து மூலையைப் பிடி. இவ பிடிச்சா கோடு பாம்பா நெளியுது" என்று, மூலையில் கயிறு பிடித்திருப்பவளைக் காட்டிப் பழைய தோழி கத்துகிறாள். "நான்தான் இப்ப இங்க படிக்கலையேடி." "கயிறு என்ன ஹால் டிக்கெட்டா கேக்குது? பிடிடி!" அவள் செருப்பைக் கழற்றி, கயிற்று முனையைக் கால்விரல்களுக்கடியில் மிதித்து நிற்கிறாள். சூடான மண், ஆளை அடையாளம் தெரிந்தது போல உள்ளங்காலில் ஒட்டிக்கொள்கிறது. பள்ளி வாசலிலிருந்து, தையல்கடை நடத்தும் சித்தி, "அங்க மிஷின் சும்மா கிடக்குது, வா!" என்கிறாள். கோடு வந்து சேரும்வரை மூலையில் நிற்பவள் அசையக் கூடாது. "இதோ வந்துட்டேன் சித்தி" என்கிறாள், கயிற்றை இன்னும் அழுத்தி மிதித்தபடி. தோழி டப்பாவிலிருந்து சுண்ணாம்புத் தூளை உதிர்த்தபடி மெல்ல மெல்ல வருகிறாள், அவளுக்கும் அவசரமில்லை. தூள் கால்விரல்களின் மேல் பூப்போல விழுகிறது. மிதித்து நின்றவள் காலை எடுக்கிறாள். வெள்ளை மூலையில் அவள் விரல்களின் வடிவில் மண் தெரிகிறது. தோழி அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு பிடி தூளை அள்ளிப் போட்டு அதை மூடுகிறாள்.